கொங்கு நாட்டில் பாடினவர்கள், எழுதினவர்கள்

கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தஞ்சாவூர்னா சங்கீதம், திருநெல்வேலின்னா எழுத்தாளர்கள்னு சொல்றாங்க. நம்ம பக்கம் என்னங்க இருக்கு? மில்லு, மோட்டாரு, லாரி, கோழிப்பண்ணை. எழுத்தாளர், ஓவியர், பாடகர்னு சொல்லிக்கிறாப்பல யாருங்க இருந்தாங்க? யாரோட வாழ்க்கையை மொதல்ல படிக்கலாம்?"

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

1906-லிருந்து 1908-க்குள், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், ஒருவர் ஊரிலிருந்து இன்னொருவர் ஊருக்கு மாட்டுவண்டியில் ஒரு பகலில் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் மூன்று பேர் பிறந்தார்கள். ஓலவலசில் 1906-ல் புலவர் குழந்தை. மொடக்குறிச்சிக்குப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908 செப்டம்பரில் பெரியசாமித் தூரன். அடுத்த மாதமே கொடுமுடியில் கே.பி. சுந்தராம்பாள். ஒருவர் எழுதிய காவியத்தை அரசாங்கம் தடை செய்தது. இன்னொருவர் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை முன்னின்று முடித்துக் கொடுத்தார். சுந்தராம்பாளைப் பற்றி உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த மூன்று பேரில் ஒருவர்கூட கலைஞர் வீட்டில் வசதியாகப் பிறந்து, குருவிடம் முறையாக உட்கார்ந்து வளர்ந்தவர் இல்லை.

முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து இவர்களைப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. கொங்கு நாட்டுக் கலைஞர்கள் காதால் வளர்ந்தவர்கள். இங்கே ஊர் என்பது ஒரே தெருவில் நெருக்கிக் கட்டிய வீடுகள் இல்லை. தோட்டத்துக்கு ஒரு சாளை (வீடு), நடுவில் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்), சுற்றி கிளுவை வேலி. கிணத்துத் தண்ணீரை நம்பின வெள்ளாமை. காவிரி டெல்டாவில் இருந்ததைப் போலச் சங்கீதக்காரர்களை வைத்துக் காப்பாற்றும் மிராசுகள் இந்தப் பக்கம் குறைவு. ராத்திரியில் உடுக்கையடிக் கதை, நோம்பி என்கிற திருவிழாவில் கும்மியும் ஒயிலாட்டமும், அறுப்புக் களத்தில் பாட்டு, எப்போதாவது வரும் நாடகக் கம்பெனி. எழுத்துத் தெரியாத வீட்டுக்கும் இவை வந்து சேர்ந்தன. பின்னால் எழுதப் போனவர்களும் பாடப் போனவர்களும் முதல் பாடத்தை இங்கேதான் கேட்டார்கள்.

உடுக்கையடிக் கதையில் பெரியது அண்ணன்மார் சாமி கதை. பொன்னர் சங்கர் கதை என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, 1965-ல் அந்தக் கதையைப் பாடகர்கள் ராத்திரி ராத்திரியாகச் சொல்லச் சொல்ல ஒலிநாடாவில் பதிவு செய்தார். பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். நடுவில் உடுக்கைச் சத்தம் ஏறி இறங்கும். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் அழவைக்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி சுந்தராம்பாளுக்கு வருகிறேன். கே.பி. என்றால் கொடுமுடி பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா. ஊர்ப் பெயரையும் அம்மா பெயரையும் தலைப்பெழுத்தாகக் கடைசி வரை சுமந்தவர். குடும்பத்தில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை அவர். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த மகன் ஞானசேகரன் வேஷம் கிடைத்தது. ஆண் பிள்ளை வேஷம். பசிக்குதே, வயிறு பசிக்குதே என்று அம்மாவிடம் அழுது பாட வேண்டும். அந்த வயதில், அந்த வீட்டிலிருந்து போன பெண் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறாள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டையை அடைக்கிறது.

அது மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும். சத்தம் போட்டால் மட்டும் போதாது, சொல் உடையக்கூடாது. சுந்தராம்பாள் பாட்டை இன்று கேட்டாலும் ழகரமும் றகரமும் கல்லில் வெட்டியதுபோலத் தனித்தனியாக நிற்பதைக் கவனியுங்கள். மேல் ஸ்தாயியில் போகும்போது பெரும்பாலானவர்களுக்குச் சொல் கரைந்துவிடும். அவருக்கு அங்கேதான் சொல் இன்னும் தெளிவாகும். இது கொட்டகை கொடுத்த பயிற்சி.

இலங்கைக்கு நாடகம் போட 1926-ல் போன இடத்தில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். மறு வருடம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சேர்ந்து வாழ்ந்த நாட்களைவிடப் பிரிந்து தவித்த நாட்கள்தான் அதிகம். 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைக் கதர். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார், அதைக் காப்பாற்றினார்.

அவர் எடுத்த முடிவு அவருடைய கலையை எப்படித் திருப்பியது என்று பாருங்கள். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் அந்தத் தொகை நாட்டையே பேச வைத்தது. மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக வந்தார். 1940-ல் மணிமேகலை, 1953-ல் ஔவையார், 1964-ல் 'பூம்புகார்' கவுந்தி அடிகள், 1965-ல் 'திருவிளையாடல்' ஔவை. அடியார், துறவி, கிழவி, தாய். காதல் இல்லாத வேஷங்களை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தமிழ் சினிமாவில் முதல் மரியாதையோடு நின்ற நடிகை வேறு யாரும் இல்லை. 1951-ல் சென்னை மேலவை உறுப்பினரானார். 1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி முடித்ததும் போடும் முதல் பாட்டு அவருடையதாகத்தான் இருக்கும். மூன்று மைல் தள்ளிக் காட்டில் மாடு மேய்ப்பவருக்கும் நோம்பி சாட்டியாகிவிட்டது என்று அதைக் கேட்டுத்தான் தெரியும்.

சுந்தராம்பாளுக்கு ஒரு தலைமுறை முந்தியவர் கோயம்புத்தூர் தாயி. இயற்பெயர் பழனிக்குஞ்சரம், 1872-ல் பிறந்தவர். கிராமபோன் இந்தியாவுக்கு வந்த புதிதில் அதிக இசைத்தட்டுகள் கொடுத்த பாடகிகளில் ஒருவர். பிரான்ஸ் தேசத்து இசையமைப்பாளர் மோரீஸ் தெலாஜ் 1912-ல் இந்தியா வந்தபோது தாயியின் குரலில் மயங்கிப்போனார். அவர் இசைத்தட்டில் பாடிய வள்ளலாரின் அருட்பாவை அடியொற்றி 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பையே எழுதினார். மத்தளத்தின் சத்தம் பியானோவில் வரவேண்டும் என்பதற்காக ஒரு கம்பிக்கடியில் அட்டையைச் செருகி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கொங்கு நாட்டுப் பெயரைத் தாங்கிய ஒரு பெண்ணின் குரல் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் பாரிஸ் பியானோவுக்குள் போய் உட்கார்ந்த கதை இது. நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பெரியசாமித் தூரனைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. 'தூரன்' புனைபெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவருடைய குலப் பெயர். வெள்ளாமை செய்கிற கவுண்டர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, 1931-ல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டார்கள். அதைக் கண்டித்து இறுதித் தேர்வை எழுத மறுத்துவிட்டார். காட்டை நம்பி வாழும் வீட்டிலிருந்து சென்னைக்குப் படிக்க அனுப்பப்பட்ட பையன், படிப்பு முடியப் போகிற நேரத்தில் இப்படிச் செய்தால் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்று ஓர் இதழ் நடத்தினார். பிறகு கோவைப் பக்கம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் பல வருடம் ஆசிரியர்.

பாரதி இறந்து வெகுநாள் கழித்தும் அவருடைய கட்டுரைகளில் பெரும்பகுதி 'சுதேசமித்திரன்' பத்திரிகையின் பழைய கட்டுகளுக்குள் கிடந்தது. தூரன் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டி, படியெடுத்து, காலவரிசையில் அடுக்கி 1953-ல் 'பாரதி தமிழ்' என்று கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் கையில் வைத்துப் படிக்கும் பாரதியில் ஒரு பகுதி தூரனின் கண்ணும் கையும் தேய்ந்து வந்தது.

அடுத்தது கலைக்களஞ்சியம். அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் திருப்பூர்க்காரர். அவர் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராகத் தூரனை அழைத்தார். கணினி இல்லை. கலைச்சொல் பட்டியல்கூட முழுசாக இல்லை. ஒவ்வொரு துறைக்கும் அறிஞரைத் தேடிக் கட்டுரை வாங்க வேண்டும். எழுதத் தெரிந்த அறிவியல்காரருக்குத் தமிழ்ச் சொல் தட்டும், தமிழ் தெரிந்த புலவருக்கு அறிவியல் தட்டும். இரண்டையும் ஒட்டவைத்து, பாமரரும் படிக்கும்படி திருத்தி, அகரவரிசையில் அடுக்க வேண்டும். முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். அந்த வருடமே பத்மபூஷண் கொடுத்தார்கள். முடித்த கையோடு ஓய்வெடுக்கவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் தொடங்கி அதையும் முடித்தார். எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் அந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருந்தது. படங்களுக்காகப் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் மஞ்சளாகி, தையல் விட்டுப்போயிருக்கும். ஒரு பையன் திமிங்கலம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மணி அடித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இத்தனை வேலைக்கு நடுவில்தான் அவர் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். சென்னையில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கி, மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று குரல் எழுந்த காலம். பாட வேண்டும் என்றால் பாட்டு வேண்டுமே. சாரங்காவில் 'கணநாதனே குணபோதனே', சாவேரியில் 'முருகா முருகா', மாண்டில் 'முரளீதரா கோபாலா' எல்லாம் அவர் எழுதியவை. பரதநாட்டிய மேடையில் 'தொட்டுத் தொட்டுப் பேச வரான்' என்று சலங்கை கட்டி ஆடுகிற பிள்ளைகள் எத்தனை பேருக்கு, எழுதியவர் மஞ்சக்காட்டுவலசுக்காரர் என்று தெரியும்? அவர் பாட்டில் சொல் எளிமையாக இருக்கும். ஆனால் தாளத்தில் எங்கே விழ வேண்டுமோ சரியாக அங்கே விழும். இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே ஒரு தடயம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அதன் பெயர் 'காற்றில் வந்த கவிதை'.

என்னைக் கேட்டால் கீர்த்தனைகளைவிடக் கலைக்களஞ்சியமே அவருடைய பெரிய சாதனை. பாட்டு எழுத இன்னொருவர் பிறந்திருக்கலாம். இருபது வருடம் தன் பெயரை முன்னால் நீட்டாமல் மற்றவர்கள் கட்டுரையைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க இன்னொரு கவிஞர் கிடைத்திருக்க மாட்டார்.

புலவர் குழந்தை வேறு மாதிரியான ஆள். சின்ன வயதில் அவர் கட்டியவை கும்மியும் சிந்தும். வெள்ளகோவிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிநடைச் சிந்து, வீரக்குமாரசாமிக்குக் காவடிச் சிந்து. நடக்கிற காலுக்கு ஏற்ற பாட்டு. பிறகு பவானியில் பள்ளித் தமிழாசிரியர் ஆனார், பெரியாரின் இயக்கத்தில் நின்றார். 1946-ல் 3100 பாட்டுகளில் 'இராவண காவியம்' எழுதினார். இராவணனைத் தலைவனாக வைத்து, ஐந்து காண்டத்தில், வடசொல்லை ஒதுக்கிய தமிழில். 1948-ல் அன்றைய அரசு அதைத் தடை செய்தது. 1971-ல்தான் தடை நீங்கியது. எழுதியவர் 1972-ல் காலமானார். 23 வருடம் தன் புத்தகம் கடையில் இருக்கக்கூடாது என்ற உத்தரவோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்து, யாப்பிலக்கணப் புத்தகங்கள் எழுதி, பிள்ளைகளுக்கு அசை பிரிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய கருத்தை ஏற்காதவர்கள்கூட அந்தக் காவியத்தைச் சத்தமாக வாசித்துப் பார்க்கலாம். ஓசை அப்படியே இழுத்துக்கொண்டு போகும்.

உடுமலை நாராயணகவியையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். பூளவாடிக்காரர், 1899-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, ஊர் ஊராகத் தீப்பெட்டி விற்றவர். ஊர்த் திருவிழாக் கூத்தில் முத்துச்சாமிக் கவிராயர் கண்ணில் பட்டு, நாடகத்துக்குப் போய், பின்னால் சங்கரதாஸ் சுவாமிகளிடம் யாப்பு கற்றார். 'பராசக்தி'யில் காக்கையைக் கூப்பிடும் அந்தப் பாட்டு அவர் எழுதியதுதான். என்.எஸ். கிருஷ்ணனுக்கு அவர் எழுதிய பாட்டுகளில் சிரிப்புக்கு அடியில் தெருக்கூத்துக்காரரின் கேள்வி இருக்கும்.

காதால் வளர்ந்தவர்கள் என்றேன். அதற்குப் பொருந்தாத ஒருவரும் உண்டு, அவரை மறைத்துவிட்டுப் பேசுவது சரியில்லை. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888-ல் மோகனூரில் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தவர். அவர் முதலில் ஓவியர். ஆட்களை உட்கார வைத்து உருவப்படம் வரைந்து பிழைத்தவர். கண்ணால் உலகத்தைப் பார்த்த மனுஷன். ஆனால் நாடு அவரை எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறது? 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்களே, அந்தத் தொண்டர்கள் வாயில் இருந்த 'கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது' பாட்டுக்காக. வரைந்த படங்கள் எந்தெந்த வீட்டுச் சுவரிலோ மங்கிப்போயின, நடந்துகொண்டே பாடிய பாட்டு நின்றுவிட்டது. அவருடைய 'மலைக்கள்ளன்' நாவலை 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக எடுத்தார். அதற்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தன் வாழ்க்கையை 'என் கதை' என்று எழுதியிருக்கிறார். படிக்கச் சுகமான நடை.

இப்போது ஆர். சண்முகசுந்தரம். உங்கள் கேள்வியில் 'திருநெல்வேலின்னா எழுத்தாளர்கள்' என்று வந்ததால், இவரைக் கடைசியில் விரிவாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். 1917-ல் பிறந்தவர். இருபத்தைந்து வயது நிறைவதற்குள் 'நாகம்மாள்' நாவலை எழுதி முடித்துவிட்டார். 1942-ல் கு.ப. ராஜகோபாலன் முன்னுரையோடு வந்தது. தமிழில் வட்டார நாவல் என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. புருஷனை இழந்த நாகம்மாள், ஒரு பெண் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் ஒட்டுக்கா, அதாவது சேர்ந்து, இருக்கிறாள். ஒரு நாள் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் என்ற முரடன் நடுவில் வருகிறான். நல்லவனான சின்னப்பன் உயிர் போகிறது. அவ்வளவுதான். ஆனால் 1942-ல், விதவை தன் பங்கைக் கேட்பதை ஒரு நாவலின் மையத்தில் வைக்க யாருக்குத் தோன்றியது? நாகம்மாளை அவர் நல்லவள் என்றும் சொல்லவில்லை, கெட்டவள் என்றும் சொல்லவில்லை. பேச விட்டிருக்கிறார். பேச்சு முழுக்க நம்ம பேச்சு.

நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லீவுக்கு ஊருக்குப் போனபோது என் அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெற்றவர்) அந்த நாவலைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. திண்ணையில் கடலைக்காய் தொலித்துக்கொண்டே கேட்டார். இரண்டு பொழுது ஆனது. நாகம்மாள் பங்கு கேட்கிற இடம் வந்ததும் தொலிக்கிற கை நின்றுவிட்டது. "அவ கேட்டதுல என்னடா சாமி தப்பு? அவளுக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குதல்லோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சின்னப்பன் பாவம்" என்றார். மேற்கொண்டு படி என்று சொல்லவில்லை. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் சின்ன வயதில் பக்கத்துக் காட்டில் நடந்த ஒரு பங்குச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடமாகப் பல விமர்சனக் கட்டுரைகளைப் படித்துவிட்டேன். அம்மிச்சி சொன்ன அந்த இரண்டு வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

சண்முகசுந்தரத்தின் பிற்கால வாழ்க்கை எனக்கு வெசனமானது. 'அறுவடை', 'சட்டி சுட்டது', 'பூவும் பிஞ்சும்' என்று தொடர்ந்து எழுதினார். கோவையிலிருந்து 'வசந்தம்' இதழ் நடத்தினார். எழுத்தை மட்டும் வைத்து அடுப்பு எரியவில்லை. வங்க நாவல்களை இந்தி வழியாகத் தமிழாக்கும் வேலையில் இறங்கினார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யை நமக்குத் தந்தவர் அவர்தான். அந்த மொழிபெயர்ப்புகளால் தமிழ் வாசகர்களுக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் அவர் எழுதாமல் விட்ட கொங்கு நாவல்கள் எத்தனை என்ற கணக்கை யாரால் போட முடியும்? 1977-ல் போய்விட்டார்.

அவருக்குப் பிறகு வந்தவர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். 1971-ல் கோவையில் 'வானம்பாடி' என்ற கவிதை இதழ் பிறந்தது. விலையில்லாக் கவிமடல் என்று போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆத்துப்பொள்ளாச்சி சிற்பி, புவியரசு, ஞானி, இன்னும் பலர் கூடிய கூட்டம். மரபுக் கவிதைக்காரர்களும் திட்டினார்கள், புதுக்கவிதைக்காரர்களில் ஒரு பகுதியும் திட்டியது. ஆனாலும் கல்லூரி மாணவன் கவிதை எழுதலாம், சத்தமாக வாசிக்கலாம் என்ற தைரியத்தை ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது அந்த மடல்தான். சிற்பி 'ஒரு கிராமத்து நதி'க்காக 2002-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்த நதி நம்ம ஆழியாறு.

இவர்களில் கோவை ஞானியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1935-ல் சோமனூர் பக்கம் பிறந்தவர், இயற்பெயர் பழனிச்சாமி, வேலை தமிழாசிரியர். மார்க்சியத்தையும் தமிழ் மரபையும் ஒன்றாக வைத்து யோசித்தவர். சர்க்கரை நோயால் ஐம்பது வயதைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் பார்வை இழந்தன. படிப்பே மூச்சாக இருந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர் நிறுத்தவில்லை. உதவிக்கு வந்தவர்கள் வாசிக்க, கேட்டார். அவர் சொல்ல, அவர்கள் எழுதினார்கள். 2020-ல் இறக்கும் வரைக்கும் சுமார் முப்பது வருடம் இப்படியே நூல்களும் 'தமிழ்நேயம்' போன்ற இதழ்களும் வந்துகொண்டே இருந்தன. வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வரி தவறினால், "அதுக்கு முந்தின வரி என்னங்க?" என்று கேட்கும் அளவுக்குக் காது கூர்மை. காதால் வளர்ந்தவர்கள் என்று நான் முதலில் சொன்னது, இவர் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை.

பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுப் பக்கத்தவர், 1966-ல் பிறந்தவர். அவருடைய நாவல்களை உலகம் படிக்கிறது. 'பூக்குழி' 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 'மாதொருபாகன்' நாவலுக்காகத் துரத்தப்பட்டு 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்ததையும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுதட்டும் என்று தீர்ப்பளித்ததையும் நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது 2000-ல் அவர் கொண்டுவந்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'. ஆட்கள் வாயிலிருந்து கேட்ட சொற்களை உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். தேவிபாரதி 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்காக 2023-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஊருக்கெல்லாம் குடிமகனாக உழைத்த நாவிதர் வீட்டுக் கதை. நிலம் உள்ளவர்கள் கதையாகவே இருந்த கொங்கு எழுத்தில் அது ரொம்பத் தேவையான குரல்.

யாருடைய வாழ்க்கையை முதலில் படிக்கலாம் என்று கேட்டீர்கள். வாழ்க்கை வரலாறு வேண்டுமானால் சுந்தராம்பாளில் தொடங்குங்கள். ஒரு நூற்றாண்டுத் தமிழ்நாடே அதற்குள் வந்துவிடும். தேர்வு, வேலை, பிளேஸ்மென்ட் என்று மனசு அலைகிற இந்த வயதில் தூரனைப் பற்றியும் படித்து வையுங்கள்.

நாவலில் தொடங்குவதாக இருந்தால் 'நாகம்மாள்'. நூற்றைம்பது பக்கம்கூட வராத சின்னப் புத்தகம்தான். ஹாஸ்டலில் தனியாக உட்கார்ந்து மனசுக்குள் படிக்க வேண்டாம். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். அம்மிச்சியோ அப்புச்சியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். புரியாத சொல் வந்தால் போனை எடுக்காமல் அவர்களிடம் கேளுங்கள். நடுவில் அவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.